அரிசிக்குள் நீலப் புத்தகம்

மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தபோது லத்தீஃபாவுக்குப் போன் வந்தது. திருவாரூர் மாடி ஆபீசிலிருந்து பூவிழி.

"அக்கா, செவ்வாக்கிழமை வீடியோல ஒரு சந்தேகம். சொல்லிட்டீங்கன்னா முடிச்சிடுவேன்."

லத்தீஃபாவின் நெற்றியில் ஒரு பட்டை. அதன் நடுவில் புளியங்கொட்டை அளவுக்குக் கேமரா. நோன்பு முடிந்த கையோடு இந்த வேலையை எடுத்திருந்தாள். வேலை என்ன பெரிய வேலை, வீட்டில் எப்போதும் செய்கிறதுதான். காய் நறுக்கணும், பாத்திரம் விளக்கணும், துணி மடிக்கணும். கேமரா அவள் கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து எங்கோ ஒரு தேசத்தில் ரோபோவுக்கு வீட்டுவேலை பழக்குகிறார்களாம். முகம் தெரியாது, சத்தம் பதியாது என்று சொன்ன பிறகுதான் சார்ஜாவிலிருந்த புருஷன் சரி என்றான். இத்தனை வருஷம் யாரும் ஏனென்று கேட்காத வேலைக்குச் சம்பளம் வருகிறதே என்று அவளுக்கும் சந்தோஷம்தான்.

"என்னம்மா சந்தேகம்?"

"நீங்க செய்ற ஒவ்வொரு வேலைக்கும் கம்ப்யூட்டரே ஒரு பேர் போடும்க்கா. அது சரியான்னு பாக்குறதுதான் என் வேலை. இதுல 'நீல நிறச் சிறு புத்தகத்தை அரிசியில் புதைத்தல்'னு போட்டிருக்கு. அடுத்தாப்ல அதுவே 'உணவுப் பொருள் சேமித்தல்'னு மாத்திக்கிச்சு. எதை வைக்கட்டும்?" பூவிழி சிரித்தாள்.

லத்தீஃபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மசாலாக் கை அப்படியே நின்றது.

"அன்னைக்கி கேமராவ மூடியிருந்தேனே."

"மூடலயே. குறுக்க ஏதோ மெல்லிசுத் துணி. கொசுவலைக்குள்ளேருந்து பாக்குறாப்ல எல்லாம் தெரியுதுக்கா. புத்தகத்துல ஒரு போட்டோகூடத் தெரியுது."

இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பட்டையும் நெற்றியுமாக அவள் நிற்க ஆரம்பித்ததும் தெருப் பெண்கள் கொல்லைப்பக்கம் வருவதையே விட்டுவிட்டார்கள். உப்பு கேட்டுக்கூட ஒருத்தி வரவில்லை. அப்புறம் லத்தீஃபாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். யாராவது வந்தால் மெல்லிசுச் சேலை முந்தானையைப் பட்டைக்கு மேலே இழுத்து முக்காடு போட்டுக்கொள்வாள். "இப்ப இது குருடு. உக்காந்து பேசுங்கடி" என்பாள். ஆண்கள் எதிரே வந்தால் முக்காட்டை இழுத்துவிட்டுப் பழகிய கை அது. முக்காட்டுக்குள் இருப்பது வெளியில் தெரியாது என்பதில் அந்தத் தெருவில் யாருக்குமே சந்தேகம் வந்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் அதே தெரு ஆஷிகா செவ்வாய்க்கிழமை வந்தாள். தன் பாஸ்போர்ட்டை விரித்து, "நல்லாருக்கேனா லாத்தா?" என்று அக்கா முறைக்காரியிடம் போட்டோவைக் காட்டினாள். நர்சு படித்துவிட்டு அடுப்படியில் கிடக்கிறவள். மஸ்கட் ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்க வரும் ஞாயிறு திருச்சியில் இண்டர்வியூ. அவள் புருஷன் உபைதுல்லா கண்ணில் பட்டால் பாஸ்போர்ட் அடுப்புக்குள்தான் போகும், சொல்லியே இருந்தான். அதனால்தான் லத்தீஃபா அதை வாங்கித் தன் அரிசி டின்னில் புதைத்து வைத்தாள்.

"அத வேற யாரு பாப்பாங்க, பூவிழி?"

"சந்தேகம்னு நான் குறிச்சதெல்லாம் சாருக்குப் போகும். ஷேக் பரீத் சார். உங்க ஊருதானாமே? இதக் காலையில யாரோ திறந்து பாத்திருக்காங்க. சாராத்தான் இருக்கும்."

வீடியோ எங்கோ ஒரு தேசத்துக்குப் போகிறது என்றல்லவா சொன்னார்கள்! ஷேக் பரீத் உபைதுல்லாவின் பெரியத்தா மகன், அண்ணன் முறை.

"நீயாக் கேக்குறியா, அவரு கேக்கச் சொன்னாரா?"

"வேலைக்குத்தான்க்கா கேக்குறேன்."

"பேங்க் புக்கும்மா. எலி கடிக்குதுன்னு அரிசியில வச்சேன்."

"சரிக்கா." அந்தச் 'சரி' நம்பிய சரியா, நம்பாத சரியா என்று லத்தீஃபாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பட்டையைக் கழற்றிச் சாக்குக்குள் திணித்தாள். அரிசி டின்னில் முழங்கைவரை விட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள்.

ஆஷிகா வீட்டு வாசலில் உபைதுல்லா பைக் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க லாத்தா. என்ன, ரோபோவுக்கு இன்னைக்கி லீவா?"

"அதுக்கு மீன் வாடை ஆகலயாம் தம்பி."

தெருவே செய்கிற கேலிதான். ஆனால் இன்றைக்கு அது அவளுக்கு வேறு மாதிரிக் கேட்டது.

"நான் திருவாரூருக்குக் கெளம்பிட்டேன். பரீத் அண்ணன் வரச் சொன்னாரு. என்னமோ காட்டணுமாம்."

"என்ன காட்டணுமாம்?"

"வயல் சர்வே விஷயமா இருக்கும். போனாத்தான் தெரியும்." அவள் இடுப்பைப் பார்த்தானோ? இல்லை, பெட்ரோல் டேங்கைத்தான் பார்த்திருப்பான். கிளம்பிப் போனான்.

அடுப்படியில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. லத்தீஃபா சுற்றி வளைக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னாள். ஆஷிகா அழவில்லை. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த அரிசி மணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள்.

"முக்காட்ட இழுத்துவிட்டா அது குருடுன்னு நீங்கதானே லாத்தா சொன்னீங்க."

"சொன்னேன்." லத்தீஃபா கொடியில் கிடந்த புர்காவை எடுத்து அவளிடம் நீட்டினாள். "நீ இப்பவே கெளம்பு. திருச்சியில உன் சின்னம்மா வீட்டுல இருந்துக்க."

"பஸ்ஸும் திருவாரூர் வழியாத்தானே போகும்?"

"புர்காவப் போட்டுக்க. ஜன்னலோரம் உக்காராத."

"அவரு சும்மா நெலத்துக்காகப் போயிருந்தா?"

லத்தீஃபாவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படியிருந்தால், ஒன்றுமில்லாததற்கு ஒரு குடும்பத்தை இவளே கலைத்த மாதிரி ஆகும். இல்லையென்றால், அரைமணி தாமதித்தாலும் போச்சு.

ஆஷிகா புர்காவை மாட்டினாள். வாசற்படியில் திரும்பி, "சோறு வேகலயே லாத்தா" என்றாள்.

"நான் வடிக்கிறேன். நீ போ."

அவள் வாய்க்கால் கரையோடு போனாள். எதிர்க்காற்றில் புர்கா ஒரு தடவை உப்பி அடங்கியது. லத்தீஃபா அடுப்படிக்குத் திரும்பி அகப்பையால் சோற்றைக் கிளறினாள். இரண்டு கையும் படத்துக்குள் இருக்கவேண்டும் என்று ஆபீசில் பழக்கியிருந்தார்கள். நெற்றியில் இப்போது ஒன்றுமில்லை. என்றாலும் இரண்டு கைகளும், யாருக்கோ காட்டுவதுபோல, தாமாகவே நெஞ்சுக்கு நேரே ஏறி நின்றன. இறக்கிப் பார்த்தாள். மறுபடி ஏறின.

தெருமுனையில் ஒரு பைக் சத்தம். நேரே போய்விடும் என்று அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். சத்தம் வீட்டுக்கு எதிரே வந்து மெதுவானது. கஞ்சி பொங்கி விளிம்பைத் தாண்டி, அடுப்பில் வழிய ஆரம்பித்தது.