ஏழு பித்தளை முனைகள்

அன்று தொழிலாளர் மன்றத்தில் இருந்தவர்கள் இவர்கள்: நினைவுக்கல் குழுவின் தலைவர் யல்மாரி போஹ்தோ, செயலாளர் எல்லி, என் அம்மா ஹில்யா, என் தம்பி ஆர்வோ, நான் சைமா. இவர்களோடு, அழைக்காமல் உள்ளே வரக் கூடாது என்ற முறைப்படி வாசற்கதவை ஒட்டி நின்றிருந்த நெஸ்தோரி எஸ்கோலா. கல் அவர் நிலத்தில் எடுத்தது. குதிரை வண்டியில் கொண்டுவந்துவிட்டு, எங்கே இறக்குவது என்று கேட்கக் காத்திருந்தார். வேறு ஒருவரும் இல்லை. தாமும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் இப்போது ஊரில் நிறைய இருக்கிறார்கள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டாம் ஆண்டுக் கோடை. பதினெட்டாம் ஆண்டு உள்நாட்டுப் போரில் தோற்றுச் சிறை முகாமில் செத்த எங்கள் ஊர்ச் செம்படையினருக்குக் கல் வைக்க, பின்லாந்தில் முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் முடிந்தது. அதில் பொறிக்கவிருந்த பெயர்களில் என் அப்பா குஸ்தா லெஹ்தியோவின் பெயர் இல்லை. மன்றத்துப் பித்தளை வாத்தியக் குழுவில் அவர் கார்னெட் என்ற சிறிய ஊதுகொம்பு வாசித்தவர். குழுவில் ஏழு பேர். ஏழு பேரும் ஒரே முகாமில் அடைபட்டார்கள். நால்வர் அங்கேயே செத்தார்கள். அந்த நால்வரின் பெயரையும் நினைவுக்கல் குழு விட்டுவிட்டது. செத்தவர்களில் மற்ற மூவரின் குடும்பங்களும் வெட்கப்பட்டு எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டன. நாங்கள் போகவில்லை. போக வேண்டிய காரணமும் இல்லை.

ஊர் சொன்ன காரணம் இதுதான்: முகாமில் வெண்படையின் வெற்றி விழாவன்று, ஏழு பேரும் ஒரு சட்டி மீன் சூப்புக்காக எதிரியின் அணிவகுப்பு இசையை வாசித்தார்கள். உயிரோடு திரும்பிய மூவரும் இல்லை என்று சாகும்வரை சொன்னார்கள். வேறென்ன சொல்வார்கள் என்று ஊர் சிரித்தது.

"ஹில்யாக்கா, நான் என்ன பண்றது?" என்றார் யல்மாரி. "எங்கம்மா ரொட்டி மூட்டையோட முகாம் வாசல்ல நின்னுது. உள்ள பேண்டு வாசிச்சதக் காதால கேட்டுது. உள்ள இருந்த பேண்டு ஒண்ணுதானே?"

"உங்கம்மா பாத்தாளா?"

"வேலிக்கு அந்தப் பக்கம் எப்படிப் பாக்கும்?"

"அப்ப கல்லுல அவர் பேர வெட்டு."

"எதுக்கு இந்தப் பிடிவாதம்? மத்தவங்க பேசாம போயிடலையா?"

"மத்தவங்க மத்தவங்க. நான் லெஹ்தியோ வீட்டுக்காரி."

ஆர்வோ மேசையைக் குத்த எழுந்தான். நான் அவன் கோட்டைப் பிடித்து உட்கார வைத்தேன். எங்கள் வீட்டில் மேசையைக் குத்தும் வழக்கம் கிடையாது.

பேச்சு நீண்டது. கதவருகே நின்றவர் அலுத்துப்போய்ப் பைப்பை எடுத்தார். புகையிலையை அடைத்தார். கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்து, அதன் மெல்லிய வாலால் புகையிலையை அழுத்தினார்.

அம்மா பேச்சை நிறுத்தினாள்.

"அதென்ன கையில?"

"இதுவா? புகையிலை அழுத்துறது."

"இங்க கொண்டா."

அந்தக் குரலுக்குக் குதிரையே வந்திருக்கும். அவர் வந்தார். அது கார்னெட்டின் உதட்டு முனை, வாயை வைத்து ஊதும் பகுதி; அது இல்லாமல் வாத்தியம் ஒலிக்காது. சிறிய பித்தளைக் கிண்ணம், கீழே வால். அம்மா அதைத் திருப்பினாள். விளிம்பில் ஒரு நசுங்கல். கல்யாண வாரத்தில் அப்பா நீராவிக் குளியலுக்கும் இதைக் கொண்டுபோய்க் கல்லடுப்பின் மேல் போட்டு நசுக்கிய கதையை அவள் எங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

"எங்கேர்ந்து வந்துச்சு உனக்கு?"

எஸ்கோலா தொப்பியைக் கழற்றினார். "நான் அந்த முகாம்ல காவல் நின்னேன். பதினெட்டு வயசு. இந்தப் பக்கம் பொண்ணு கட்டி வந்தப்புறம் யாருகிட்டயும் சொன்னதில்ல."

எல்லி மூச்சை இழுத்தாள். போருக்குப் பிறகு அந்த மன்றத்துக்குள் வெண்படைக்காரன் ஒருவனும் அதுவரை கால் வைத்ததில்லை.

"சொல்லு" என்றாள் அம்மா.

"விழாவுக்கு வாசிக்கச் சொல்லி உத்தரவு. உங்க மன்றத்துலேர்ந்து பறிச்ச ஏழு வாத்தியத்தையும் கொண்டாந்து அவங்க கையில குடுத்தோம். ஒண்ணுலயும் முனை இல்ல."

"இருக்காது" என்றான் ஆர்வோ. "வாத்தியம் மன்றத்தோடது. முனை அவனவன் சொந்தம், அவனவன் பையில இருக்கும்."

"அது எங்க தளபதிக்கும் தெரியும். 'முனை எங்கடா?'ன்னாரு. கார்னெட்காரருதான் பதில் சொன்னாரு. 'கக்கூஸ் குழியில விழுந்துருச்சுங்க.' 'ஏழு பேருதுமா?' 'ஏழு பேருக்கும் ஒரே வயித்துப்போக்குங்க.'"

யல்மாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை.

"நாங்களும் சிரிச்சிட்டோம். சிரிச்சதுல முதல் ஆளு நான். அதனால குழியில எறங்கித் தேடுன்னு மம்பட்டியக் குடுத்தாங்க. இது ஒண்ணு அகப்பட்டுது. நான் காட்டல."

"ஏன்? எரக்கமா?"

"எரக்கம் என்ன எரக்கம். காட்டினா மிச்ச ஆறையும் தேடச் சொல்வாங்க."

"அப்ப எங்கம்மா கேட்டது?" என்றார் யல்மாரி.

"அது டவுன் தீயணைப்புப் படை பேண்டு. அவசரமா ஆள் அனுப்பிக் கூட்டியாந்தாங்க. பின்வாசல் வழியா வந்தாங்க. ரொட்டி கொண்டாந்தவங்கள நாங்க நிறுத்தினது முன்வாசல்ல."

யல்மாரி தரையைப் பார்த்தார். அம்மா அவரிடம், "உங்கம்மா பொய் சொல்லல. கேட்டா, பாக்கல. அவ்வளவுதான்" என்றாள். பிறகு எஸ்கோலாவிடம் திரும்பினாள். "அப்புறம் அவங்கள என்ன பண்ணீங்க?"

"கஞ்சிய நிறுத்தினாங்க. உத்தரவு."

"அவர் கையிலேர்ந்து கஞ்சிக் கிண்ணத்தப் பிடுங்கினது யாரு? உத்தரவா?"

பதினெட்டாம் ஆண்டு நடுக்கோடைத் திருநாளுக்கு முன்பே அப்பா இறந்துபோனார்.

அம்மா முனையை ஆர்வோவிடம் நீட்டினாள். "மொதல்ல கொதிக்க வை. நல்லாக் கொதிக்கட்டும்."

ஆர்வோவும் கார்னெட்தான் வாசிக்கிறான். முனையைக் கொதிக்க வைத்தான், சாம்பல் போட்டுத் தேய்த்தான், மறுபடியும் கொதிக்க வைத்தான். மன்றத்தின் புது வாத்தியத்தில் பொருத்தினான். பொருந்தியது. முதல் சுரம் உடைந்து வந்தது. இரண்டாவது நின்றது. பிறகு மன்றத்தின் அணிவகுப்புப் பாட்டை, அப்பாவிடம் கேட்டுக் கற்றுக்கொள்ள முடியாமல் போனதை, முழுதாக வாசித்தான். சன்னல்கள் அதிர்ந்தன. வெளியே எஸ்கோலாவின் குதிரை மிரண்டு, வண்டியையும் கல்லையும் இழுத்துக்கொண்டு மன்ற முற்றத்தின் நடுவில் போய் நின்றது. கல்லை அங்கேயே இறக்கினோம். இன்றும் அங்கேதான் நிற்கிறது. நான்கு பெயர்களும் அதில் இருக்கின்றன. வெட்டு ஆழமாக விழ வேண்டும் என்று அம்மா கல்தச்சரின் பக்கத்திலேயே நின்றாள்.

அன்று நாங்கள் எஸ்கோலாவை மன்னித்துக் கட்டிக்கொண்டோம் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. தவறு. யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை, மன்னிக்கவும் இல்லை. வாசல் தாண்டி வந்துவிட்டவர் என்பதால் ரேஷன் காபியில் ஒரு கோப்பை கொடுத்தோம். குடித்துவிட்டுப் போனார்.