ஓடைக்கு இந்தப் பக்கம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு மாவட்டத்துப் பெற்றோர் எல்லாருக்கும் ஒரு படிவம் வந்தது. பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கவேண்டும் என்று இனி பெற்றோரே முடிவு செய்யலாமாம். அடேயப்பா, என்ன தாராளம்! வெள்ளையர் ஒருவர்கூடக் கறுப்பர் பள்ளியைக் கேட்கவில்லை. வெள்ளையர் பள்ளியைக் கேட்ட கறுப்பர்கள் நான்கே பேர். அந்த நான்கு பெயர்களும் மறுவாரமே கடை வாசலில் ஒட்டப்பட்டிருந்தன. ஒட்டியது யார் என்று யாருக்கும் தெரியாதாம்.

நால்வரில் ஒருத்தி வெர்லீன் டால்பர்ட். அவள் மகள் ஐடெல்லாவுக்கு வேதியியல் என்றால் உயிர். மகள் படித்த கறுப்பர் பள்ளியில் இருந்ததோ ஒரே ஒரு சோதனைக் குழாய். உடைந்தால் வேறு கிடைக்காது என்று ஆசிரியர் அதை அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்.

பருத்திக்காட்டு முதலாளி பர்விஸின் நிலத்தில், அவர் கொடுத்த வீட்டில்தான் வெர்லீன் குடும்பம் இருந்தது. ஒரு மாலை அவர் வண்டியைவிட்டு இறங்காமலே பேசினார். குரல் உயரவில்லை.

"பொண்ண அங்க அனுப்பி என்ன பண்ணப் போற வெர்லீன்? நாளைக்கே போயி பேர எடுத்துட்டு வந்துரு."

"சரிங்கய்யா" என்றாள். ஆனால் போகவில்லை. வார முடிவுக்குள் வீட்டைக் காலிசெய்யச் சொல்லி ஆள் வந்தது.

ஓடைக்கு அந்தப் பக்கம் அவள் அண்ணன் வீட்டில் இரண்டு அறை காலியாக இருந்தது. குழாய்த் தண்ணீர், கண்ணாடி ஜன்னல் எல்லாம் உண்டு. அண்ணனே லாரியோடு வந்து நின்றான். கணவன் ஹோசியா அடுப்பைத் தூக்கி ஏற்றிவிட்டான். அப்போதுதான் வெர்லீனுக்குத் திக்கென்றது. ஓடையைத் தாண்டினால் வேறு மாவட்டம். வேறு மாவட்டத்துப் பிள்ளைக்கு இங்குள்ள வெள்ளையர் பள்ளியில் இடம் கிடையாது.

"அடுப்ப எறக்கு" என்றாள்.

கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று ஹோசியா கத்தினான். கோழிக்கொட்டகையிலா குடும்பம் நடத்தப்போகிறாய் என்று அண்ணன் நக்கலடித்தான். கடைசியில் அதுதான் நடந்தது. ஓடைக்கு இந்தப் பக்கமே, அவர்கள் சபைப் போதகரின் சொந்த நிலத்தில் பழைய கோழிக்கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. இரண்டு நாள் தேய்த்துக் கழுவியும் நாற்றம் போகவில்லை. ஹோசியா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் வெர்லீன் அழுதாள்.

பள்ளி திறந்த அன்று தாயும் மகளும் வெள்ளையர் பள்ளியின் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த வெள்ளைக்கார அம்மாள் ஐடெல்லாவின் படிவத்தைத் தயாராக எடுத்து வைத்திருந்தாள்.

"வீடு மாறிட்டியாமே வெர்லீன், ஓடைக்கு அந்தப் பக்கம்? அப்ப இது செல்லாதே" என்றாள், ரொம்ப வருத்தப்படுகிற மாதிரி.

"வீடு மாறுனது நெசந்தாம்மா. ஆனா இந்தப் பக்கந்தான் இருக்கோம். வேணும்னா ஆள் அனுப்பிப் பாருங்க."

அந்த அம்மாள் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேறு காரணம் எதுவும் அதில் கிடைக்கவில்லை. வகுப்பறை எண்ணை ஒரு சீட்டில் எழுதி, ஐடெல்லாவின் முகத்தைப் பாராமலே நீட்டினாள்.