மேகம் என்று நீக்கியது

வங்காளத்தில், டாக்குரியா ரயில் நிலையத்தை ஒட்டி, எல்லாரும் சித்தி முறையில் ‘மாசி’ என்று கூப்பிடும் புதுல் மாசி சோற்றுக்கடை வைத்திருந்தாள். இரண்டு நிலக்கரி அடுப்பு, நாலு பெஞ்சு, அவ்வளவுதான் கடை. 2006 மார்ச்சில் தெருக் கிளப்புக்காரர்கள் அந்த அடுப்புகளை இடித்துப் போட்டார்கள். இடிக்கச் சொன்ன மனுவில் முதல் கையெழுத்து பிரியம்வதாவுடையது.

அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு வயது மகள் சாதனாவுக்கு இழுப்பு. அந்த மாதம் குழந்தை பள்ளிக்கூடம் போகவே இல்லை. தெருவெல்லாம் இருமல், புகை மூட்டம். பிரியம்வதாவுக்கோ வேலையே வானத்துப் படங்களைப் பார்ப்பதுதான். பயிர்க் கணக்கெடுக்கும் ஓர் அலுவலகம். செயற்கைக்கோள் அனுப்பும் படங்களில் மேகத்தைக் குறித்து நீக்கி, கீழே இருக்கும் வயல்வெளி தெரியும்படி செய்து கொடுப்பாள்.

அதனால்தான் தெருக் கிளப்பின் செயலாளர் முகுல்தா அவளிடம் வந்தார்.

"தீதி, இந்தப் புகை வெளியேருந்து வருதா, இங்கயே கிளம்புதா?"

"வெளியே புகை எதுவும் படத்துல இல்ல" என்றாள். மனுவிலும் அதையே எழுதினாள். படிப்பும் பதவியும் உள்ளவள் எழுதினால் யார் மறுப்பார்கள்?

அடுப்பு போய் ஐந்து நாளாயிற்று. சாதனாவின் இழுப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

"என்னடி, மாசியை விரட்டியாச்சே, இன்னும் ஏன் இழுக்கறது?" என்றான் கணவன் ராகவேந்திரன், குழந்தையின் முகத்தில் நெபுலைசரைப் பிடித்தபடி. வேடிக்கையாகத்தான் சொன்னான். அவளுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

மறுநாள் அலுவலகத்தில், தான் நீக்குவதற்கு முந்தைய படங்களைத் திறந்தாள். ஒரிசா மலைக்காடுகளில் தொடங்கி வங்காளம் வரை விசிறி மாதிரி விரிந்த மெல்லிய சாம்பல் படலம். மெல்லிய மேகம் என்று குறித்து, மனுவுக்கு முந்தைய நாலு நாளும் அதை நீக்கியிருந்தாள். மேகம் குளிர்ந்தது; வெப்பப் படத்தில் தனியாகத் தெரியும். மெல்லிய புகை அதில் தெரியாது. இரண்டு படத்தையும் வைத்துப் பார்ப்பதுதான் முறை. மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் அவசரத்தில் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். வெப்பப் படத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது; அது மேகமில்லை, புகை. விசிறியின் காம்பில் மட்டும், காடு எரிகிற இடங்களில், சிவப்புப் புள்ளிகள்.

படத்தை அச்செடுத்துக்கொண்டு மாசியைத் தேடிப் போனாள். மாசி வேறொருவரின் டீக்கடையில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மாசி, நான் தப்புப் பண்ணிட்டேன். புகை காட்டுலேருந்து வந்திருக்கு."

மாசி ஈரக் கையைப் புடவையில் துடைத்துப் படத்தை வாங்கினாள். "இதுல டாக்குரியா எங்க?"

"அவ்வளவு சின்ன இடம் தெரியாது மாசி. ஒரு புள்ளியே ஒரு கிலோமீட்டர்."

"அப்ப என் அடுப்பு?"

"தெரியாது."

"தெரியாத அடுப்பைப் பத்தி எப்படிம்மா எழுதின?"

மாசி படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தம்ளர் பக்கம் குனிந்தாள்.

கூட்டம் போட்டு இதைச் சொல்ல வேண்டும் என்று அவள் கேட்டபோது முகுல்தா தயங்கினார். "அங்க சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பேசியாச்சு தீதி. இதை நீங்க எழுதிக் குடுத்தா உங்க ஆபீஸ்லயும் கேள்வி வருமே. வேலைக்கு ஏதாவது ஆயிடப் போகுது."

"ஆபீஸுக்குக் காலையிலயே எழுதிக் குடுத்துட்டேன். கூட்டத்தைப் போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், தன் தப்பை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்தை அவளே எழுந்து வாசித்தாள். மாசிக்கு இடத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார் முகுல்தா. முப்பது பேரில் ஏழு கை.

டீக்கடைக்குப் போய், "ஏழு பேர்தான் மாசி" என்றாள்.

"யார் யாரு?"

ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். மாசி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஆறு பெயர் சொல்லி நிறுத்திக்கொண்டாள் பிரியம்வதா. ஏழாவது கை அவளுடையது.