என் கணுக்காலுக்கு ஒன்றுமில்லை

என் கணுக்காலுக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் அலெக்ஸாண்ட்ரியாவில் எங்கள் கிளப்பில் அதற்கு ஐஸ் வைக்காத ஆளில்லை. காலையில் கட்டிலைவிட்டு எழ முடியாத நாளெல்லாம் நான் சொல்கிற பொய் அது.

மனச்சோர்வு என்று டாக்டர் நிஹாத் சொல்லிவிட்டார், மாத்திரையும் தருகிறார். அம்மாவோ கண்ணேறு என்று சாம்பிராணி போடுகிறாள். நான் ஸ்குவாஷ் ஆடுகிறவள், எதிராளியை வேவு பார்த்தே பழகியவள். இந்தச் சோர்வையும் அப்படித்தான் பார்க்கிறேன். நேற்று கோப்பை வாங்கிக் கொடுத்த கால், இன்று செருப்பைத் தேடக்கூட ஏன் மறுக்கிறது? தோற்ற மறுநாளைவிட ஜெயித்த மறுநாள்தான் அதிகம் அழுத்துகிறதே, அது ஏன்? சாயங்காலமானால் கொஞ்சம் விலகுகிறது. எங்கேதான் போகிறது?

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு மறுபடியும் தாமதம். பயிற்சியாளர் ஷுக்ரி, எங்கள் ஊர் வழக்கப்படி கேப்டன் ஷுக்ரி, வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாங்க மகாராணி! எக்ஸ்ரேல ஒண்ணுமே இல்லையாமே?"

"இல்ல கேப்டன்."

"இன்னொரு நாள் லேட்டா வந்தா டீம்ல உன் பேர் இருக்காது ரத்வா, சொல்லிட்டேன். சின்ன வயசு, கை கால் நல்லா இருக்கு, கப்பு கப்பா ஜெயிக்கிற. உனக்கு என்ன குறை?"

டீமும் போய்விட்டால் காலையில் எதற்காக எழுவேன்? அவர் கையிலிருந்த புதுப் பந்தை வாங்கிக் கீழே போட்டேன். சொத்தென்று விழுந்து அப்படியே கிடந்தது. ஸ்குவாஷ் பந்து அப்படித்தான். அடித்து அடித்துச் சூடேற்றினால்தான் எழும்பும்.

"திட்டுங்க கேப்டன்."

"யாரை?"

"பந்தைத்தான். புத்தம் புதுசு, ஒரு கீறல் இல்ல. அதுக்கு என்ன குறை? ஏன் எழும்ப மாட்டேங்குது?"

முறைத்தார். "அப்ப கணுக்கால்?"

"பொய். எனக்கு மனச்சோர்வு. மாத்திரை சாப்பிடுறேன்."

அவர் குனிந்து பந்தை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குள் போனார். சுவரில் அடிக்க ஆரம்பித்தார். நானும் மட்டையோடு போய் நின்றேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பந்து எழும்பியது.

"உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியல கேப்டன். நானும் அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். சில நாள் மத்தியானம் ஆயிடும். சில நாள் சூடே ஏறாது."

"அன்னைக்கு?"

"ஃபோன் பண்றேன்."

பந்தை என் பக்கம் அடித்தார்.

"பண்ணு. பேர் இருக்கும். ஆனா இன்னொரு தடவை கணுக்கால்னு சொன்னே, நானே காலை உடைச்சிடுவேன்."