இரண்டு கமாவுக்குள் ஓர் ஊர்

1

இந்தக் கதை கரும்பலகையில் பிறந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். திருப்பதியில் முப்பது வருஷம் ஆங்கில இலக்கணம் நடத்தியவள் நான். இரண்டு வாக்கியங்களை 'ஹூ' போட்டு இணைக்கும் பாடத்துக்கு ஒருநாள் ஓர் உதாரணம் எழுதினேன். ஊர்க்காரர்கள் தமிழ் பேசுகிறார்கள்; ஊர்க்காரர்கள் தமிழ் வகுப்பு வேண்டும் என்கிறார்கள். பலகையை அழித்த பிறகும், யார் அந்த ஊர்க்காரர்கள் என்ற கேள்வி என்னை விடவில்லை.

2

1957. நகரிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தாட்சாயணி என்ற அழகான இளம்

(வேண்டாம். அழகு இங்கே எதற்கு?)

தாட்சாயணி ஆசிரியை. ஆந்திரம் பிரிந்து நாலு வருஷமாகியும் எல்லை முடிவாகவில்லை. அதற்குள் அவள் பள்ளியின் தமிழ் வகுப்பை மூடப்போவதாகச் செய்தி வந்தது. சித்தூரில் ஓர் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் மனு அனுப்பினாள்: 'தி வில்லேஜர்ஸ், ஹூ ஸ்பீக் தமிழ், வான்ட் எ தமிழ் கிளாஸ்.'

பதில் வந்தது. ஊரில் சிலர் மட்டுமே தமிழ் பேசுவதாக மனுவே ஒப்புக்கொள்கிறது. ஆகவே வகுப்பு தேவையில்லை.

கொஞ்சம் இலக்கணம் பொறுத்துக்கொள்ளுங்கள். 'ஹூ ஸ்பீக் தமிழ்' என்பதற்கு இருபுறமும் கமா இருந்தால் ஊர் முழுக்கத் தமிழ் பேசுகிறது. கமாவை எடுத்தால், ஊரில் தமிழ் பேசுகிறவர்கள் மட்டும் வகுப்பு கேட்கிறார்கள் என்றாகிவிடும். 'தமிழ் பேசும் ஊர்க்காரர்கள்' என்று நாம் சொன்னால் இரண்டுக்கும் இடமுண்டு. ஆங்கிலம் அப்படி விடாது.

3

தாட்சாயணி பயந்துபோய்

(மூன்று முறை எழுதி அடித்தேன். அவள் பயப்படவில்லை.)

மணியம்மாவையும் கூட்டிக்கொண்டு சித்தூருக்கு பஸ் ஏறினாள். (முதல் பிரதியில் 'மணியம்மா, ஒரு கூலிக்காரி,' என்று கமாக்களுக்குள் அடக்கியிருந்தேன். அவளுக்குத் தனி வாக்கியம் வேண்டும்.) மணியம்மாவின் இரண்டு பெண்களும் அந்த வகுப்பில் படித்தார்கள்.

எழுத்தர் உமாபதி கோப்பை எடுத்தார். தாட்சாயணியின் கையெழுத்துப் பிரதியில் கமாக்கள் இருந்தன. அதிகாரிக்காக அவர் டைப் அடித்த நகலில் இல்லை.

"ஒக கமா கோசமா இத்தன தூரம் வந்தீங்க, டீச்சரம்மா?" என்று தெலுங்கு கலந்து கேட்டார்.

"ரெண்டு கமா சார். அத எடுத்து ஊரையே சுருக்கிட்டீங்க."

"வேற மனு எழுதிக் குடுங்க, பாக்கலாம்."

"எழுதமாட்டேன். நான் எழுதினது சரி, நீங்க அடிச்சதுதான் தப்பு. என் எதிர்லயே திருத்தி, பக்கத்துல கையெழுத்துப் போடுங்க."

மணியம்மா மேசையருகே வந்தாள். "ஊர்ல அத்தினி பேரும் தமிழ்தான் பேசிக்கினு கீறோம் சார். எங்கள்ல யார உட்டுட்டு எழுதினீங்கோ?"

உமாபதி பேனாவைத் திறந்தார். இரண்டு கமாக்களையும் போட்டுக் கையெழுத்திட்டார்.

"உத்தரவு பெரியவர்தான் போடணும். எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது."

4

முதல் முடிவு: புது உத்தரவு வந்தது, ஊர் மகிழ்ந்தது. (எழுதக் கை கூசுகிறது.)

இரண்டாவது: எல்லை நகர்ந்து, ஊர் சென்னை ராஜ்ஜியத்தோடு சேர்ந்தது. (இது தப்பித்து ஓடுவது.)

என்னால் எழுத முடிவது இவ்வளவுதான். திங்கட்கிழமை காலை தலைமையாசிரியர், "ஆர்டர் வரட்டும்மா, அதுவரைக்கும் ரூம் பூட்டியே கெடக்கட்டும்" என்றார். தாட்சாயணி பூட்டிய கதவுக்கு முன்னாலேயே முப்பத்தொரு பிள்ளைகளை உட்காரவைத்தாள். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் மணியம்மா பக்கத்தில் நின்றாள். பாடம் தொடங்கியது.

உத்தரவு வந்ததா என்று கேட்கிறீர்கள். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அது வரும்வரை நான் கதையை நிறுத்திவைத்தால், அவளும் காத்திருந்தாள் என்றாகிவிடும்.