இரண்டு அழுத்தம் என்றால் இல்லை

தேவன் கண்ணை மூடிக்கொண்டுதான் வால்வுகளைக் கேட்பான்.

செரண்டாவில் பழைய சாலைக்குப் பின்னால் இருக்கும் வால்வுப் பட்டறைக்குச் செம்பனை எண்ணெய் ஆலைகளிலிருந்து லோரி லோரியாக வால்வுகள் வரும். அவற்றைக் கழற்றி, தேய்த்து, காற்றழுத்தம் ஏற்றிச் சோதித்து அனுப்புவார்கள். மூடியிருக்கும் வால்வுக்குள் துளி காற்று கசிந்தாலும் அது மெல்லச் சீறும். வெறும் காதுக்கு அது எட்டாது. அதைப் பிடிக்க ஒரு கருவி உண்டு, கைத்துப்பாக்கி மாதிரி. ஒருவர் அதன் முனையை வால்வின் உடம்பில் வைத்துப் பிடிக்க வேண்டும். வால்வு வைத்திருக்கும் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவர், நீண்ட வயரில் வரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்க வேண்டும். கருவியின் பின்புறத் திரையில் கசிவுக்கு ஏற்றபடி ஓர் எண் ஓடும். அது பிடிப்பவருக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் பம்ப் ஓடினாலும் அந்த எண் ஏறும் என்பதால் கேட்பவர் சொல்வதுதான் தீர்ப்பு.

தேவன் பதினைந்து வருடமாகக் கேட்பவன். கடைசி இரண்டு வருடமாக அவனுக்கு அந்தச் சீறல் கேட்கவில்லை.

பேச்சு கேட்டது. லோரி கேட்டது. மெல்லிய சத்தங்கள்தான் ஒவ்வொன்றாகப் போயின. முதலில் கொசு, பிறகு பல்லி, பிறகு வால்வு. வருடத்துக்கு ஒருமுறை காது சோதிக்கும் வேன் பட்டறைக்கு வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலி எழுப்பும் பொத்தானை அமுக்கும் பெண்ணின் தோள் லேசாக அசையும். தேவன் தோளைப் பார்த்தே கையைத் தூக்கித் தேறிவிடுவான்.

இது தெரிந்த ஒரே ஆள் புஷ்பவள்ளி. புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள். இப்போது சுங்கை சோவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வந்து போகிறாள். அவள் சேர்ந்தபோது, பெண்ணோடு மேசைக்கு நிற்க மாட்டோம் என்று மற்றவர்கள் ஒதுங்கினார்கள். தேவன் மட்டும் கருவியை அவள் கையில் கொடுத்தான். மூன்றாவது மாதம் அவனுடைய காது போனதை அவள் கண்டுபிடித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டாயிற்று. பம்பை நிறுத்திவிட்டு அவள் எண்ணைப் பார்ப்பாள். மேசைக்கு அடியில் அவள் சப்பாத்துக் கால் அவன் சப்பாத்தின் மேல் இருக்கும். ஒரு அழுத்தம் என்றால் கசிவு. இரண்டு அழுத்தம் என்றால் இல்லை. காலை எடுத்துவிட்டால் ஏதோ சரியில்லை, வாயைத் திறக்கக்கூடாது. அப்போது தேவன், "மறுபடி வை" என்பான்.

இரண்டு வருடத்தில் அந்தக் கால் ஒருமுறையும் பொய் சொன்னதில்லை. தேவனுக்குப் பாம்புக் காது என்று சூப்பர்வைசர் லோகேஸ்வரன் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வான். புஷ்பவள்ளி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

பிறகு அந்த வாய்ப்பு வந்தது. வடக்கே ஒரு குளிர் நாட்டில் அணுமின் நிலையத்தை மூன்று மாதம் நிறுத்தி வால்வுகளைச் சோதிக்கப் போகிறார்கள். பட்டறையிலிருந்து ஒரே ஓர் ஆள். பெயர் கொடுத்தது இரண்டு பேர்: தேவன், புஷ்பவள்ளி.

தேவன் அடுத்த நாளே ரவாங்கில் ஒரு பண்டல் கடைக்குப் போய், யாரோ போட்டுக் கழித்த தடித்த ஜாக்கெட் ஒன்றை வாங்கி வந்து லாக்கரில் மாட்டினான். பனி விழும்போது சத்தம் வருமா என்று அவளிடம் கேட்டான். வராது என்றாள். அவன் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்போ அங்க எல்லாரும் என்னை மாதிரிதான்" என்றான். இதைச் சொன்னபோது அவன் முகம் நாற்பத்தோரு வயது முகமாக இல்லை.

அங்கே யார் உனக்குக் கால் வைப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவனும் அதை நினைத்ததாகத் தெரியவில்லை.

ஆள் தேர்ந்தெடுக்க வந்தவர் ஹான் என்ற பொறியாளர். காலையில் புஷ்பவள்ளியின் முறை. தேவன் கருவியைப் பிடித்தான், அவள் கேட்டாள். நான்கு வால்வுக்கும் சரியாகச் சொன்னாள். தேவனும் நான்கைச் சரியாகச் சொன்னால் அனுபவம் கூடியவனுக்கே இடம் என்று லோகேஸ்வரன் சாப்பாட்டு நேரத்தில் சொன்னான். தேவன் தன் தட்டிலிருந்த பொரித்த மீனைப் பாதியாகப் பிய்த்து அவள் தட்டில் வைத்தான்.

மதியம் அவள் கருவியைப் பிடித்தாள். முதல் வால்வு, இரண்டு அழுத்தம். கண்ணை மூடியபடி, "கசிவு இல்லை" என்றான். இரண்டாவது, ஒரு அழுத்தம். "கசியுது." ஹான் அவன் மூடிய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வால்வில் அவள் முனையை வைத்ததும் அவர் சத்தமில்லாமல் வந்து, கருவியிலிருந்து ஹெட்போன் வயரைப் பிடுங்கிக் கைக்குள் வைத்துக்கொண்டார். அவளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

திரையில் எண் முப்பத்தெட்டு. வால்வு கசியத்தான் செய்தது.

அவள் காலை எடுத்தால் போதும். தேவன் "மறுபடி வை" என்று கண்ணைத் திறப்பான். ஹான் கையிலிருக்கும் வயரைப் பார்ப்பான். சத்தம் வரலையே, வயர் கழண்டிருக்கே என்பான். ஹான் சரியென்று தலையாட்டுவார். ஜாக்கெட் விமானம் ஏறும்.

புஷ்பவள்ளி ஒரு தடவை அழுத்தினாள்.

"சின்னக் கசிவு" என்றான் தேவன். அன்றைக்கு அதோடு நிறுத்தாமல், பெரிய மனிதர் முன்னால் இன்னும் கொஞ்சம் சொன்னான். "மெல்லிசா, ஊசி முனை அளவுக்கு. இடது பக்கத்துல இருந்து வருது."

ஹான் கையை விரித்து வயரைக் காட்டினார். தேவன் கண்ணைத் திறந்தபோது முதலில் சிரித்தது லோகேஸ்வரன்தான். பிறகு கூடம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சத்தம் தேவனுக்கு நன்றாகவே கேட்டது.

ஹான் சிரிக்கவில்லை. அணு உலைக்குள் கேட்காததைக் கேட்டேன் என்கிறவன் வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். லோகேஸ்வரன் அதைத் தமிழிலும் ஒருமுறை சொன்னான், பின்னால் நின்றவர்களுக்காக.

அடுத்த வாரம் தேவனைத் துருப் போக மணல் அடிக்கும் கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கே காது தேவையில்லை. கேண்டீனில் முகுந்தன் என்கிற வெல்டர் தினமும் கைப்பேசி வயரைக் காதில் செருகி, மறுமுனையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி, "இடது பக்கத்துல இருந்து வருதுண்ணே" என்பான். தேவன் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிடத் தொடங்கினான். அப்புறம் அதுவும் வேடிக்கையாயிற்று.

புஷ்பவள்ளி புறப்படுவதற்கு முந்தின நாள், உடம்பெல்லாம் வெள்ளைத் தூசியோடு தேவன் அவள் மேசைக்கு வந்தான். அந்த நேரம் அங்கே வேறு யாரும் இல்லை.

"அந்தாளு வயரைப் புடுங்கினது உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே. எண்ணைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவன் தலையை ஆட்டினான், இல்லை என்பதுபோல. "வாயால எல்லாரும் என்னென்னமோ சொல்றாங்க லா. நீ காலால சொல்லு."

அவன் மேசைக்கு அந்தப் பக்கம் போய், பழைய இடத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டான். மேசைக்கு அடியில் அவன் சப்பாத்து வந்து நின்றது. தோல் முழுக்க மணல். அவள் தன் காலை அதன் மேல் வைத்தாள். சற்றுப் பொறுத்தாள்.

ஒன்று. இரண்டு.

தேவன் பெருமூச்சு விட்டான். இத்தனை நாள் இறுகியிருந்த முகம் இளகியது. "எனக்குத் தெரியும்" என்றான். "லாக்கர்ல ஜாக்கெட் இருக்கு. எடுத்துக்கோ. அங்க குளிரும்."

சாயங்காலம் அவள் அதைப் போட்டுப் பார்த்தாள். கை மட்டும் நீளம். இரண்டு மடிப்பு மடித்துவிட்டதும் சரியாக இருந்தது.