கத்தி திறக்கல்ல

ஆனந்தபாய் பழைய மலையாளப் பேப்பர் ஒன்றை மேசைமேல் விரித்து ஏழு கத்திகளை வரிசையாக வைத்தாள். எல்லாம் மடக்கிப் பாக்கெட்டில் போடுகிறவை, அந்தப் பக்கத்துப் பேச்சில் பிச்சாத்தி. செலஸ்டின் ஒன்றையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஊசி போடக் கூட்டிவந்த பிள்ளை மாதிரி நின்றான். கேரள எல்லையோரத்து உதியன்குளங்கரையில் அவள் கடையில் ரப்பர் வெட்டுகிற கத்தியிலிருந்து கிணற்றுக் கயிறு வரை எல்லாம் கிடைக்கும். அறுபது வயது, கனத்த கண்ணாடி, யாரையும் உட்காரச் சொல்லாத சுபாவம். ஆனால் மெல்பின் ஊன்றுகோலோடு படியேறியதைப் பார்த்ததும் அவளே ஸ்டூலை இழுத்துப் போட்டிருந்தாள்.

மெல்பின் ஸ்டூலில் உட்கார்ந்து ஊன்றுகோலைப் பெயின்ட் டப்பாக்களின்மேல் சாய்த்து வைத்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அந்தப் பக்கத்து லுங்கி நுனியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டான். செலஸ்டினின் மனைவி குளோரிக்கு அவன் ஒரே தம்பி.

"எடுத்துப் பாருங்க மச்சான். பாத்தா கடிக்கவா போவுது?"

"பாக்குதேன்" என்றான் செலஸ்டின். பார்க்கவில்லை.

ஆனந்தபாய்க்கு வாய் சும்மா இருக்காது. "கரைக்காரங்களுக்கு இப்போ பிச்சாத்தி பைத்தியமாக்கும். ஏழு மாசமாட்டு பூவாறு, பொழியூரு பக்கத்திலிருந்து வாறவனெல்லாம் இதுதான் கேக்கான். அங்க ஏதோ ஒரு ஆளுக்கு கடல்ல வச்சு பிச்சாத்தி திறக்கல்லியாம். கூட உள்ளவனுக்க காலு போச்சாம், பாவம்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவளின் கண் மெல்பினின் லுங்கியில் போய் முட்டி நின்றது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"காலு என்னுதாக்கும்" என்று மெல்பின் சிரித்தான். "பிச்சாத்தி இவருக்கது."

செலஸ்டினும் சிரிக்கப் பார்த்தான். உதடு விரிந்தது, அவ்வளவுதான். இந்த ஏழு மாதமாக யாராவது அந்தப் பேச்சை எடுத்தாலே அவனுக்கு அப்படித்தான். ஆள் பார்க்க ஆறடி, பலகையில் ஏறி நின்றால் படகே ஒருபக்கம் சாயும். உள்ளே இருந்ததெல்லாம் பயம்.

அன்றைக்குக் காற்று திடீரென்று மாறியிருந்தது. நங்கூரம் போட்டார்கள். சுருட்டி வைத்திருந்த நைலான் வடம் சரசரவென்று ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் ஒரு சுருள் மெல்பினின் இடது காலைப் பிடித்தது. நங்கூரம் தரையில் கொத்தி நின்றுவிட, படகு மட்டும் நீரோட்டத்தோடு போகப் பார்த்தது. மெல்பின் விழுந்து இழுபட்டு, கால் படகின் விளிம்புக்கும் வடத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அலை தூக்கும்போதெல்லாம் வடம் இன்னும் இறுகியது. "வெட்டு மச்சான், வெட்டு" என்று அவன் அலறினான். செலஸ்டின் கை எட்டும் தூரத்தில் நின்றான். நிக்கர் பாக்கெட்டுக்குள் கை போயிருந்தது. உள்ளங்கையில் கத்தி இருந்தது. கைதான் வெளியே வரவில்லை. இழுத்தும் வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. அவன் இழுக்கவே இல்லை. கால் அகன்று, வாய் திறந்து, அப்படியே நின்றான். பின்னால் எஞ்சின் பிடித்திருந்த விஜயதாஸ் வலைக் குவியலில் தடுக்கி விழுந்து எழுந்து, இரைமீன் நறுக்குகிற கத்தியோடு ஓடிவந்து வடத்தை அறுத்தான். அதற்குள் எலும்பு நொறுங்கிவிட்டது.

எவ்வளவு நேரம் என்று செலஸ்டினுக்குத் தெரியும். ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிக்கிற நேரம். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சாயங்காலம் வீட்டில் செபமாலை சொல்லும்போது, குளோரி அந்தச் செபத்தைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் வடம் இறுகும், முடிக்கும்போது எலும்பு முறியும். ஒரு செபமாலைக்கு ஐம்பதுக்குமேல் தடவை. இப்போதெல்லாம் அவன் அந்த நேரம் பார்த்துக் கடற்கரைக்குப் போய்விடுகிறான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் குளோரி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கி, "நீங்க பக்கத்திலதானே நிண்ணிய, உங்க கையில கத்தி இல்லியா?" என்று கேட்டபோது அவன் வாய் தானாகச் சொன்னது: "கத்தி திறக்கல்ல." சொன்ன பிறகு ஆஸ்பத்திரிக் கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கத்தியை எடுத்துத் திறந்து பார்த்தான். வெண்ணெயில் விரல் வைத்தது மாதிரித் திறந்தது. முந்தின வாரம்தான் எண்ணெய் போட்டிருந்தான். மறுநாள், ஆறு கடலில் சேரும் பூவார் பொழிமுகத்தில் அதை விட்டெறிந்தான்.

அந்த இரண்டு வார்த்தை அவனைவிட வேகமாகக் கரையைச் சுற்றி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சாமியார், கடலுக்குப் போகிற ஒவ்வொருவரும் துருப்பிடிக்காத நல்ல கத்தி வைத்திருக்க வேண்டும் என்றார். அடுத்த வாரம் பூசை முடிந்து வெளியே வந்த ஆண்கள் பாக்கெட்டிலிருந்து ஆளுக்கொரு கத்தியை எடுத்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு நின்றார்கள். செலஸ்டினிடமும் நீட்டி, "நீ பட்டவனாக்கும், நீ சொல்லு, இது கொள்ளாமா?" என்று கேட்டார்கள். அவனும் அலகைத் திருப்பிப் பார்த்து, கொள்ளாம், நல்ல கத்திதான் என்றான். ஒரு பொய்யை நம்பிக் கரையே ஆயுதம் தரித்து நின்றது. பொய் சொன்னவன் மட்டும் வெறுங்கையோடு, கடலுக்கும் போகாமல், வலைப் பொத்தல் தைத்துக்கொண்டு காலம் கழித்தான்.

இப்போது அதற்கும் முடிவு வந்துவிட்டது. விஜயதாஸுக்குப் பூவார் ரிசார்ட்டில் சுற்றுலாப் படகு ஓட்டுகிற வேலை கிடைத்தது. எஞ்சின் பிடிக்க ஆளில்லை. உட்கார்ந்து செய்கிற வேலைதானே, நான் வாறேன் என்று மெல்பின் கிளம்பிவிட்டான். அவன் மனைவி சுமி அழுதாள், குளோரி சண்டை போட்டாள். அவன் மசியவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் சொன்னான்: "மச்சான் எனக்க பக்கத்தில இருக்கணும். அவருக்க கையில நல்ல கத்தி ஒண்ணு இருக்கணும். நானே பாத்து எடுத்துக் குடுப்பேன்." குளோரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றாள். செலஸ்டினை யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை விடிந்தால் கடல். இன்றைக்குச் சனிக்கிழமை. காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மெல்பின், "கடலுக்கு போடுத நிக்கர உள்ள போட்டுட்டு வாங்க மச்சான், பாக்கெட்டுக்கு கொள்ளுதான்னு பாக்கணும்" என்று சொன்னபோதே அவனுக்கு வியர்த்துவிட்டது.

"இத வேண்டாம்" என்று ஆனந்தபாய் மரப்பிடி போட்டதை ஓரமாகத் தள்ளினாள். "உப்புவெள்ளம் பட்டா மரம் ஊதும். ஊதினா அலகு உள்ளயே இருந்துக்கிடும். இந்தா, இந்தச் செவப்பு. கத்திரி உண்டு, டின்னு திறக்குதது உண்டு, பல்லு குத்துத குச்சி வரைக்கும் உண்டு. கடலுக்க நடுவுல யாரு பல்லு குத்தப் போறா?"

மெல்பின் ஒவ்வொன்றாக எடுத்து, திறந்து, மடக்கி, காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தான். பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கிற ஒன்று செலஸ்டினுக்கு ஆசையாக இருந்தது. அதையும் அவள் விடவில்லை, ஸ்பிரிங்குக்குள் மணல் ஏறினால் பொத்தான் அமுங்காது என்றாள். பளபளவென்று நீளமாக இன்னொன்று கிடந்தது. அதை அவள் தன் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய், அலகு திரும்புகிற இடத்து ஆணியை நகத்தால் சுரண்டினாள். "அலகு ஸ்டீலு. ஆணி பச்சை இரும்பாக்கும். ஆரும் அலகத்தான் பாப்பாங்க. துரு ஆணியில பிடிச்சா, பிறகு அலகு வெள்ளியில செஞ்சா என்ன, தங்கத்தில செஞ்சா என்ன?"

"இது போதும்" என்றான் செலஸ்டின்.

இருவரும் அவனைப் பார்த்தார்கள். அவன் கை அந்த நீளக் கத்தியின்மேல் இருந்தது. கடைக்குள் வந்தபிறகு அவன் தொட்ட முதல் கத்தி அது.

"அது திறக்காது மச்சான்" என்றான் மெல்பின் மெதுவாக. "அக்கா சொன்னது கேக்கல்லியா? ரெண்டு மாசத்தில இறுகிப் போவும். திறக்காதத வாங்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?"

செலஸ்டின் கையை எடுத்துக்கொண்டான். காது சூடானது. ஏன் அதைத் தொட்டோம் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. துருப்பிடிக்கிற ஒரு கத்தி இருந்தால் அடுத்த முறை பொய் சொல்ல வேண்டியிருக்காது. அடுத்த முறை என்று அவன் மனசு இப்போதே கணக்குப் போட்டு வைத்திருந்தது.

மெல்பின் கடைசியாக ஒரு கட்டைக் கத்தியை எடுத்தான். கறுப்பு ரப்பர்ப் பிடி. பித்தளை ஆணி. அலகில் பாதி மழுங்காத கூர், பாதி அரம் மாதிரிப் பல். நைலான் வடத்துக்குப் பல்தான் வேண்டும் என்றான். பிடியின் முனையில் கயிறு கோக்க ஓட்டை. அலகின் ஓரத்தில் கட்டைவிரல் வைத்துத் தள்ள ஒரு சிறு குமிழ். ஒரு கையாலேயே திறக்கலாம். திறந்ததும் பூட்டிக்கொள்ளும், விரலில் மடங்கி விழாது. அவன் திறந்து மடக்கித் திறந்து மடக்கிக் காட்டினான். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி 'டிக்' என்று சத்தம் கேட்டது.

"இதுல குற்றம் சொல்ல ஒண்ணும் இல்ல" என்றாள் ஆனந்தபாய். "இது திறக்கல்லண்ணா பிச்சாத்திக்க குற்றம் இல்ல, கேட்டியளா?"

அவள் வெள்ளை மனசோடுதான் சொன்னாள். செலஸ்டின் வாசலைப் பார்த்தான். களியக்காவிளை போகிற பஸ் ஒன்று ஆளை இறக்கிக்கொண்டிருந்தது. நான்கு எட்டு வைத்தால் ஏறிவிடலாம். ஒரு காலோடு இவன் எப்படித் துரத்துவான் என்று நினைத்தான், உடனே அப்படி நினைத்ததற்காகச் செத்துவிடலாம் போல இருந்தது.

"அன்னைக்கு உங்க கத்தி திறக்கல்லண்ணு எல்லாரும் சொன்னாங்க" என்றான் மெல்பின். கையிலிருந்த கத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் கத்திய பாக்கல்ல மச்சான். கீழ கிடந்தேன் இல்லியா. எனக்கு உங்க பாக்கெட்டு மட்டுந்தான் தெரிஞ்சுது."

"எலே மக்கா..." என்று செலஸ்டின் தொடங்கினான்.

மெல்பின் மீதிக்குக் காத்திருக்கவில்லை. "அக்கா, அந்த நீல வடத்தில ரெண்டு மீட்டர் வெட்டுங்க" என்றான். வாங்கி, ஒரு நுனியைக் கடையின் இரும்புத் தூணில் கட்டினான். இன்னொரு நுனியைத் தன் வலது காலில், கணுக்காலுக்குமேல், இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டான். கடல்காரன் போடுகிற முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். பிறகு இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்து ஸ்டூலோடு பின்னால் நகர்ந்தான். வடம் நிமிர்ந்து நின்றது.

"இது என்ன கூத்து? எனக்க கடையில வச்சு ரத்தம் காட்டப்பிடாது, சொல்லிப்போட்டேன்" என்று ஆனந்தபாய் எழுந்துவிட்டாள்.

"ஒண்ணும் இல்ல அக்கா. கத்தி வாங்கும்போ பாத்து வாங்கண்டாமா? அந்தக் குடிவெள்ளம் இவருக்க கையில கொஞ்சம் விடுங்க. கடல்ல கை நனைஞ்சுதானே இருக்கும்."

அவள் தயங்கித் தயங்கிப் பாட்டிலைச் சாய்த்தாள். தண்ணீர் செலஸ்டினின் வலது கையில் விழுந்து பேப்பரில் சொட்டியது. மெல்பின் கத்தியை மடக்கி நீட்டினான். "பாக்கெட்டுல போடுங்க."

செலஸ்டின் லுங்கியைத் தூக்கி மடித்துக் கட்டினான். கத்தியை நிக்கர் பாக்கெட்டில் போட்டான். அளவு சரியாக இருந்தது.

"நான் வெட்டுன்னு சொன்னா எடுக்கணும். ஒரு கையாலதான்." மெல்பினின் நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. அவனுக்கும் பயம் என்று செலஸ்டின் அப்போதுதான் கண்டான். இந்த ஏழு மாதத்தில் அவன் முகத்தை நேராகப் பார்த்ததே இல்லை. "எடுத்தா நான் திங்கக்கிழமை உங்ககூட வாறேன். எடுக்கல்லண்ணா நாம ரெண்டு பேரும் கரையில இருந்து வலை தைப்போம். ஆருகிட்டயும் ஒண்ணும் சொல்லவேண்டாம். கத்தி நல்லா இல்லண்ணு சொல்லிக்கிடலாம்."

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டான் செலஸ்டின்.

"ஒரு அருள் நிறைந்த மரியே" என்றான் மெல்பின். "அன்னைக்கு நான் ஒண்ணுதான் சொன்னேன். முழுசும் சொல்லி முடிச்சேன்."

அவன் இன்னும் ஒரு பிடி பின்னால் நகர்ந்தான். வடம் சதைக்குள் இறங்கியது. "வெட்டு மச்சான்" என்றான். கண்ணை மூடாமல், உதடு அசைய, செபத்தைத் தொடங்கினான்.

செலஸ்டினின் கை பாக்கெட்டுக்குள் போனது. ஈர விரல்களில் ரப்பர்ப் பிடி வழுக்கவில்லை. கட்டைவிரல் தேடாமலே குமிழைக் கண்டுகொண்டது. வெளியே பஸ் இரட்டை மணி அடித்துப் புறப்பட்டது. ஆனந்தபாய் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். மெல்பின் செபத்தின் முதல் பாதியை முடித்து மறுபாதிக்கு வந்திருந்தான். வடத்துக்குக் கீழே அவன் கால்விரல்கள் ஐந்தும் வெளுத்து, நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தன. அவன் கண்கள் செலஸ்டினின் முகத்தில் இல்லை. உள்ளே இறுகிய முட்டியால் புடைத்து, ஈரம் ஊறி, மெல்ல அசையத் தொடங்கியிருந்த அந்தப் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.